க்ளெண்டாவுக்குப் பதில் உருளைக்கிழங்கு

சாப்பல் லேனில் ஐந்து வேகத்தடைகள். ஐந்திலும் க்ளெண்டா இறங்கி நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். மீன் வறுவல் கடை வரிசை நடைபாதை வரைக்கும் நீண்டிருந்தது. அத்தனை பேர் கண் முன்னால்தான் இது நடந்தது. நெவில் தன் சிவப்புக் காரைத் தடைக்கு முன்னால் நிறுத்துவான். அந்தக் காருக்குக் கதவு கிடையாது. க்ளெண்டா பக்கத் தகட்டைத் தாண்டி ஒரு காலை வெளியே போட்டு, முனகிக்கொண்டே எழுந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு தடையைத் தாண்டி நடப்பாள். அவள் இறங்கியதும் கார் நிம்மதிப் பெருமூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பும். நெவில் அதை நத்தை வேகத்தில் தடை மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்குவான். அவள் மறுபடி ஏறிக் காலை நீட்டி உட்காருவதற்குள் அடுத்த தடை வந்துவிடும்.

"அடுத்த ஸ்டாப்பிங்! இறங்குறவங்கல்லாம் இறங்கு!" என்று வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். க்ளெண்டா எங்கள் ஊர் பஸ் ஓட்டுநர். அதே தெருவில், அதே தடைகள் மேல், தினமும் டபுள் டெக்கரைக் கொண்டுபோகிறவள். ஐந்தாவது தடையில் இறங்கியவள் காரில் திரும்ப ஏறவில்லை. நேரே வந்து எனக்கு முன்னால் வரிசையில் நுழைந்தாள்.

"தள்ளு லெஸ். பசிக்குது."

நெவில் என்ஜினை ஓடவிட்டபடியே பின்னால் ஓடி வந்தான். "க்ளெண்டா, கண்ணு, வந்து ஏறு. இனிமே தடையே இல்ல, அவ்வளவுதான்."

"ஏறவா? எதுக்கு? இறங்குறதுக்கா? என் பஸ்ஸுல வர்ற கிழவிங்களே ஒரு ஸ்டாப்புலதான் இறங்குறாங்க. என்னை அஞ்சு ஸ்டாப்புல இறக்கிவிட்டுட்ட."

"ஆயில் சேம்பர் இடிக்கும்டி. உடைஞ்சா என்ஜினே போச்சு."

"அப்ப உன் சேம்பரையே கூட்டிட்டுச் சுத்து." அவள் வினிகர் பாட்டிலை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கேட்டுக்கோ நெவில். அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க கார் கிளப் விட்பிக்குப் போகுதில்ல? வரேன். கடைசித் தடவை. கடலைப் பாக்குற வரைக்கும் எங்கயாச்சும் ஒரு இடத்துல நான் இறங்கி நடந்தேன்னா, அங்கயே பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். என்கிட்ட பாஸ் இருக்கு. அப்புறம் நீ என் வீட்டுப் பக்கம் வரவே வேணாம். வேற யாராச்சும் லேசானவளாப் பாத்துக்கோ."

கடையே சிரித்தது. நெவில் மட்டும் சிரிக்கவில்லை.

*

அன்று சாயங்காலமே காரை என் ஷெட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். நானும் அவனும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். மூன்றடி உயரம்கூட இல்லாத பொந்தில் முழங்காலும் முதுகும் தேயத் தேய நிலக்கரி வெட்டினோம். சுரங்கத்தை மூடிய பிறகு நான் வெல்டிங் கற்றுக்கொண்டேன். அவன் லாரி ஓட்டினான். மனைவி இறந்த பிறகு பெட்டி பெட்டியாகக் கார் வாங்கிக் கராஜில் கோர்க்க ஆரம்பித்தான். குழாய்ச் சட்டம் ஒரு பெட்டியில் வந்தது, தகடெல்லாம் இன்னொரு பெட்டியில். என்ஜின் மட்டும், குப்பைக்குப் போன ஒரு குடும்பக் காரிலிருந்து கழற்றியது. உயரமான காருக்குச் செய்த என்ஜின் அது. அதைத் தரையோடு ஒட்டிய சட்டத்தில் உட்கார வைத்தால் அதன் வயிறு எங்கே போகும்? கீழேதான் தொங்கும்.

காரைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தேன். என்ஜின் எண்ணெய் நிற்கிற அந்தச் சேம்பரின் அடிப்பாகமெல்லாம் கீறல். அலுமினியம், அடி தாங்காது. ஓர் ஓரத்தில் எண்ணெய் கசிந்து வியர்த்திருந்தது. போன வருஷமே ஒன்றைச் சாக்கடை மூடியில் மோதி உடைத்தவன் அவன். இது இரண்டாவது.

"கீழ ஒரு தகடு போட்டுக் குடுடா," என்றான். "ஆறு மில்லி. டாங்கி மாதிரி இருக்கணும்."

"தகடு சேம்பருக்கு மேலயா போகப்போகுது? கீழதான? நீ எவ்வளவு கனமாப் போடுறியோ அவ்வளவு தரைக்குக் கிட்ட வரும். கவசத்தைப் போட்டு அந்தக் கவசத்தாலயே இடிச்சுக்கிட்டவன்னு உனக்குப் பேரு வந்துடும்."

"அப்ப என்னதான் செய்யுறது?"

"மூணு மில்லி போதும். முன்பக்கத்தை ஐஸ் சறுக்கு வண்டி மாதிரி மேல வளைச்சு விடுறேன். இடிச்சாலும் முட்டி நிக்காது, வழுக்கிட்டுப் போகும். போல்ட்டெல்லாம் சட்டத்துலதான். சேம்பர்ல ஒண்ணுகூடப் படக் கூடாது. அடிபட்டா சட்டம் வாங்கிக்கட்டும். அது கூட ஸ்பிரிங்கை ரெண்டு மூணு சுத்து ஏத்திவிடு. வேலை முடிஞ்சுது."

முகம் கோணினான். "ஏத்தினா டிராக்டர் மாதிரி நிக்கும்டா. இந்தக் காரோட அழகே தரையை நக்குற மாதிரி நிக்குறதுதான்."

"வயசு பூரா தரையில ஊர்ந்தியே, இன்னும் ஆசை தீரலையா?"

"அப்ப வேற வழி இல்லாம ஊர்ந்தேன். இப்ப ஆசைப்பட்டு ஊருறேன்." காலி சீட்டைத் தடவிவிட்டுச் சொன்னான்: "லெஸ், அந்த இடது பக்க சீட்டு காலியாவே கிடந்தா இந்தக் கார் எனக்கு எதுக்குடா? நான் ஒத்தையா எங்க போறது?"

நான் தகடு வெட்டப் போனேன்.

*

வியாழக்கிழமைக்குள் தகடு தயார். நல்ல வேலை என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். காற்றுப் போக நீளத் துளைகள், எண்ணெய் மாற்றும் போல்ட்டுக்கு ஓர் ஓட்டை, முன்னால் அழகான வளைவு. மாட்டிவிட்டு அளவு பார்க்க உட்கார்ந்தோம்.

எங்கள் கிளப்பில் இதற்கெல்லாம் அளவுகோல் பீன்ஸ் டின்தான். காலையில் ரொட்டியோடு சாப்பிடும் அதே டின். அதைப் படுக்கப் போட்டால் எந்த உயரமோ, சாப்பல் லேன் தடையும் அதே உயரம். டின் காருக்கு அடியில் தகட்டைத் தொடாமல் உருண்டு அந்தப் பக்கம் போனால் கார் தடையைத் தாண்டும். சிக்கினால் தாண்டாது. நெவில் ஒரு டின்னை இதற்கென்றே காரில் வைத்திருந்தான். லேபிள் எல்லாம் தேய்ந்து போயிருந்தது.

ஆனால் ஒன்று. காலி சீட்டை வைத்து அளக்கக் கூடாது. ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குமோ அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். ஓட்டுகிறவன் அவனே ஏறி உட்கார்ந்துகொள்வான். கூட வருகிற ஆள் இல்லையென்றால் அந்த எடைக்கு மூட்டை வைப்போம்.

நெவில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டு வந்திருந்தான். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. அவற்றை இடது சீட்டில் வைத்து, விழாமல் பெல்ட்டும் போட்டான்.

நான் மூட்டையைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.

"இது யாரு?"

"க்ளெண்டா."

"எந்தக் க்ளெண்டா? நம்ம பஸ்காரி க்ளெண்டாவா?"

"வேற எவ?"

"டேய், போன கிறிஸ்துமஸுக்கு அவ தங்கச்சி வீட்டு கேஸ் அடுப்பைத் தனியா மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. நாம ரெண்டு பேரும் கீழ நின்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தோம். அவ அம்பது கிலோவா?"

அவன் காது சிவந்தது. மண்வெட்டியை வெறுங்கையால் பிடித்துக் கை காய்த்துப்போன மனுஷன், பெண்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவளுக்குப் பெருசா எலும்பு," என்றான்.

"எலும்புக்கும் எடை உண்டு. போய்க் கேளு."

"எப்படிடா கேக்குறது? 'க்ளெண்டா, நீ எத்தனை கிலோ, என் கார் தாங்குமான்னு பாக்கணும்'னா?"

"ஆமா. அப்படித்தான்."

"முடியாதுடா. என் பொண்டாட்டியோட இருபத்தி ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினேன், அவகிட்டயே கேட்டதில்ல."

"சரி, நேர்ல வந்து உக்காரச் சொல்லு. நாம எடையைப் பத்திப் பேசவே வேணாம். டின்னை மட்டும் உருட்டுவோம்."

"அவ என்ன முட்டாளா? டின்னைப் பாத்தவுடனே புரிஞ்சுடும்."

கடைசியில் அவள் கோட்டுக்காக என்று ஓர் ஐந்து கிலோ கேரட் மூட்டையை மேலே வைத்தான். அதற்கு மேல் ஒரு கிழங்குகூட வைக்க மாட்டேன் என்றுவிட்டான். அந்தச் சீட்டில் இன்னொரு மூட்டையை ஏற்றினால் அவளை அவமானப்படுத்துகிற மாதிரி இருக்கிறதாம்! நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், ஸ்பிரிங்கை ஏற்று என்று. கேட்கவில்லை. ஐம்பத்தைந்து கிலோவுக்கு மயிரிழை இடம் விட்டு ஸ்பிரிங் வளையத்தை இறுக்கினான். டின் தகட்டுக்குக் கீழே சத்தமில்லாமல் உருண்டு போயிற்று.

"பாத்தியா?" என்றான், என்னவோ க்ளெண்டாவே உட்கார்ந்து அளந்தது போல.

*

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். 'கலப்பை' என்ற மதுக்கடையின் முற்றத்தில் கிளப் கார்கள் ஒன்பது நின்றன. நான் என் பழைய வேனில் எல்லாருக்கும் பின்னால் வருவதாக ஏற்பாடு. யார் கார் எங்கே படுத்தாலும் கயிறு கட்டி இழுக்க ஆள் வேண்டுமே.

க்ளெண்டா வந்தாள். கம்பளிக் கோட்டு, தலையில் கட்டிய துணி, தோளில் ஒரு பெரிய பை. பைக்குள் ஃபிளாஸ்க், பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டி, சாண்ட்விச், மாற்றுச் செருப்பு, குடை. நெவில் அந்தப் பையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

"என்ன முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அழகா இருக்க."

கிளப் செயலாளர் ட்ரெவர் தன் பச்சைக் காரிலிருந்து குரல் கொடுத்தான். "க்ளெண்டா, நடக்குறதுக்கு நல்ல ஷூ போட்டுருக்கியா?"

"உன்னைக் கடலுக்குள்ள தள்ளி விடுறதுக்குப் போட்டுட்டு வந்திருக்கேன். ஓட்டு."

சாப்பல் லேனில் முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகத் தடையைத் தாண்டின. அவர்களுடையது எல்லாம் இவ்வளவு தாழ்வில்லை. நெவில் முதல் தடைக்கு வந்தான். முன் சக்கரம் ஏறியது. இறங்கியது. அடுத்து ஒரு சத்தம் வந்தது, யாரோ இரும்புப் பெஞ்சைச் சிமெண்ட் தரையில் இழுப்பது போல. கார் நின்றது. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், வயிறு தடையின் முதுகில். சீ-சா பலகை மாதிரி லேசாக ஆடியது.

நான் வேனை விட்டு ஓடிப் போய்ப் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தகடு அடியை முழுக்க வாங்கியிருந்தது, சேம்பர் தொடப்படவே இல்லை. ஆனால் வளைந்த மூக்கு தடையைத் தாண்டி வந்துவிட, தட்டையான பகுதியில் வண்டியின் பாரம் முழுக்க உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பாரம் உட்கார்ந்தால் எதுதான் வழுக்கும்?

தெருவில் சன்னல்கள் திறந்தன. நாயோடு நடக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் போனவர்கள் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

க்ளெண்டா நேராகப் பார்த்தபடி கேட்டாள். "இறங்கணுமா?"

நெவில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் இறங்கினால் கார் எழும்பிவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அவள் கை ஏற்கெனவே பையின் வாரைப் பிடித்துவிட்டது.

"வேணாம்," என்றான் நெவில். "நீ உக்காரு."

அவன் இறங்கினான்.

கியரை எடுத்துவிட்டு, பக்கத் தகட்டைத் தாண்டிக் குதித்து, காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். நானும் கொடுத்தேன். ட்ரெவரும் வந்தான். கார் கர்ரென்று ஒரு தடவை உரசிவிட்டுத் தடையிலிருந்து இறங்கி, க்ளெண்டாவைத் தனியாகச் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் உருண்டு போயிற்று. அவள் எட்டிக் கை பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். பஸ்காரியல்லவா!

"இப்ப வந்து சொல்லு," என்றாள். "புதுத் தகடு போட்டாச்சு, அளவெல்லாம் பாத்தாச்சுன்னு வியாழக்கிழமையிலிருந்து பீத்திக்கிட்டியே. என்ன ஆச்சு?"

"அளவு பாத்தோம்..." என்று இழுத்தான்.

"எப்படிப் பாத்தீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மூட்டை வெச்சு. உருளைக்கிழங்கு."

"எனக்குப் பதிலா?"

"ம்."

"எத்தனை கிலோ?"

"அம்பது," என்றான் நெவில். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சேர்த்துக்கொண்டான், "கேரட்டோட அம்பத்தஞ்சு."

க்ளெண்டா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பில் கார் ஆடியது. தலைத்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்பத்தஞ்சா! யோவ், நான் ஞானஸ்நானத்துக்கே அதுக்கு மேல இருந்திருப்பேன்! ஏன்யா என்னைக் கேக்கல?"

"எப்படிக் கேக்குறது? மரியாதையா இருக்குமா?"

"அஞ்சு தடை, அஞ்சு தடவை, ஊரே பாக்க இறக்கி நடக்க விட்டியே, அது மரியாதையா இருந்துச்சா?"

நெவில் வாயை மூடிக்கொண்டான். எனக்குத் தெரிந்து அவன் அன்று செய்த இரண்டாவது நல்ல காரியம் அது.

க்ளெண்டா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் காசு கொடுக்காமல் ஏறியவனைக் கூப்பிடுகிற குரலை எடுத்தாள். "பதிமூணு ஸ்டோன் நாலு பவுண்டு! டாக்டர்கிட்ட போன மாசம் பாத்தது. கோட்டு தனி, பை தனி. சன்னல்ல இருக்குறவங்களுக்குக் கேட்டுச்சா, இல்ல இன்னொரு தடவை சொல்லணுமா?"

அதாவது எண்பத்து நாலு கிலோ. கோட்டும் பையும் தனி.

"கேட்டுச்சு அம்மணி!" என்று ஒரு மாடியிலிருந்து பதில் வந்தது.

"நல்லது. ஜாக்கியை எடு நெவில். நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். என் மடியில பையும் இருக்கும். இப்ப அள."

தெரு நடுவில் வேலையை ஆரம்பித்தோம். அவளோடு சேர்த்து முன்பக்கத்தை ஜாக்கி தூக்கியது. அவள் அங்கே மேலே உட்கார்ந்து பன்றிக்கறி ரொட்டியைப் பிய்த்து எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். நெவில் வளையச் சாவியைப் போட்டு ஸ்பிரிங்கை ஏற்றினான். இறக்கினோம். அவன் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். நான் டின்னை உருட்டினேன். சிக்கியது.

மறுபடி தூக்கினோம். இன்னும் ஏற்றினான். காரின் மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது. அவன் நாலு வருஷம் ரசித்து ரசித்துத் தாழ்த்திய மூக்கு. ட்ரெவருக்கு நாக்கு அரித்திருக்க வேண்டும்.

"நெவில், பின்னால கலப்பை மாட்டிட்டா உழுதுடலாம் போல இருக்கே."

"உழுவேன்டா," என்றான் நெவில், நிமிராமலே. "உன் முற்றத்துல இருந்து ஆரம்பிப்பேன்."

மூன்றாவது தடவை டின்னை விட்டேன். தகட்டுக்கும் டின்னுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் போய், சரிவில் தெருவோடு உருண்டு ஓடி, நாய்க்காரர் ஒருவர் காலில் இடித்து நின்றது.

நாங்கள் கிளம்பும்போது தெருவே வெளியே நின்றது. இரண்டாவது தடைக்கு முன்னால் நெவிலுக்குப் பழக்க தோஷத்தில் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"முன்னால பாத்து ஓட்டு," என்றாள் க்ளெண்டா.

ஏறியது, இறங்கியது. சத்தமே இல்லை. மூன்றாவதும் அப்படியே, நான்காவதும். ஐந்தாவது தடை எப்போதுமே கொஞ்சம் உயரம். தார் போட்டவன் மீந்ததை எல்லாம் அதில் கொட்டியிருப்பான். அங்கே தகடு லேசாகத் தொட்டது. ஸ்ஸ்ஸென்று ஒரு சறுக்கல், அவ்வளவுதான். வேனில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் காதில் தேன் மாதிரி இருந்தது. வளைவு வேலை செய்கிறது!

நெவில் பதறித் திரும்பினான். க்ளெண்டா கையை வெளியே நீட்டி, பஸ்காரி காட்டுகிற மாதிரி, போ போ என்று காட்டினாள்.

*

விட்பியில் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடல்காக்கைகள் ட்ரெவரின் சிப்ஸைத் தூக்கிக்கொண்டு போயின. க்ளெண்டா இரண்டு மீன் தின்றாள், பிசைந்த பட்டாணி ஒரு கிண்ணம், நெவிலின் சிப்ஸில் பாதி. அவன் தன் காகிதப் பொட்டலத்தை அவள் பக்கமாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தான்.

கிளம்புகிற நேரம். க்ளெண்டா ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தாள். நெவில் ஏறவில்லை. கையில் டின்னை வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றான். காது சிவக்க ஆரம்பித்தது. ஊரில் சாப்பல் லேன் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஐந்து தடைகளும் காத்துக்கொண்டுதான் இருந்தன.

கிளப் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்: "க்ளெண்டா, இப்ப எவ்வளவு?"

"பதிமூணு ஸ்டோன் நாலு," என்றாள் அவள். "கூட ரெண்டு மீனு. பட்டாணியையும் சேத்துக்கோ."

நான் அவனுக்குப் பதில் ஓட்டுகிற சீட்டில் உட்கார, அவன் மண்டியிட்டு டின்னை உருட்டினான். அது அடியில் சிக்காமல் அந்தப் பக்கம் வந்தது, நான் இறங்கினேன். அவள் குனிந்து கையை வெளியே விட்டு அதை எடுத்து, பைக்குள் குடைக்குப் பக்கத்தில் போட்டு மூடினாள்.

"இனிமே இது என்கிட்ட இருக்கட்டும்," என்றாள். "ஏறு."